ரதியின் அழுகையும் லயத்து அழுகையும்

கவிதை மீது எனக்கு ஆசை வந்ததற்குப் பள்ளிக்கூடம் காரணமில்லை. பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த என் வயதுக்காரர்கள் பலரும் இதையே சொல்வார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிவதற்கு முன்பே இரண்டு இடங்களில் எங்கள் காதில் பாட்டு ஏறிவிட்டது. ஒன்று மாசி மாதத்துக் காமன் பொட்டல், மற்றது சாவு வீடு. இரண்டு இடத்திலும் கேட்டது ஒப்பாரிதான். ராகம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். அதனாலோ என்னவோ, மலையகப் பாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரதி புலம்பலைக் கூத்துக் கணக்கில் எழுதிவிட்டு, சாவு வீட்டு அழுகையை வேறொரு பக்கத்தில் பதிந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: சாவு வீட்டுப் பாட்டு, சொல்லுவதற்கென்று இருக்கிறது, ரதியின் பாட்டு, அழுவதற்கென்று இருக்கிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் தோன்றியது.

காமன் கூத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து என்று மலையகத்தில் பெரிய கூத்துகள் மூன்று. மூன்றிலும் ஜனங்களுக்கு நெருக்கமானது காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் ஆடுகிற இரண்டு ஆண்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அன்றிலிருந்து இரவுகள் தோறும் தப்புச் சத்தம் மலைக்கு மலை மாறி மாறிக் கேட்கும். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். வாசலில் பெண்கள் தட்டில் விளக்கேற்றி, பாதத்துக்குத் தண்ணீர் ஊற்றி வரவேற்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில்தான் கதை உச்சத்துக்கு வரும். தவத்தில் இருக்கும் சிவனின் மீது கணை தொடுக்க மன்மதன் புறப்படுகிறான். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று ரதி மறிக்கிறாள். அவன் கேட்பதில்லை. நெற்றிக்கண் திறக்கிறது, பொட்டலில் தீ எழுகிறது.

அதன் பிறகு வருவது ரதியின் ஒப்பாரி. இந்த இடம் தமிழனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. காளிதாசனின் குமாரசம்பவத்தில் நான்காவது சருக்கம் முழுக்க ரதியின் புலம்பல்தான். ஆனால் நமுனுகல மலையடிவாரத்துப் பொட்டலில் அதைப் பாடுகிறவனுக்குக் காளிதாசன் யாரென்று தெரியவேண்டிய அவசியமில்லை. அவன் கையில் இருப்பது ஒரு கொப்பி. வாத்தியார் ஒருவர் தன் வாத்தியாரிடம் வாங்கி எழுதியது; எண்ணெய்க் கறையும் மழைக் கறையும் படிந்தது; யார் எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும், தப்பு எங்கே நிற்கவேண்டும் என்ற குறிப்புகளோடு சேர்ந்தது. பாட்டில் ஒரு சொல்லை மாற்றினாலும் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ரதிக்குத் தன் சொந்தச் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் இரவு. ரதியாக ஆடியவன் ஸ்டோரில் வேலை செய்கிற பையன். கட்டியிருந்த சேலை அவன் அக்காவுடையது. பகலில் பார்த்தால் வாயைத் திறக்காத ஆள். தீ அடங்கியதும் தப்புகள் ஒரேயடியாக நின்றன. அவன் சாம்பல் அருகே முழங்காலிட்டு உட்கார்ந்து, தலைமயிரைப் பிரித்துவிட்டு, முதல் அடியை எடுத்தான். என் பக்கத்தில் நின்ற கிழட்டுக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். தப்புக்காரர் ஒருவர் தப்பின் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பொட்டலைச் சுற்றி நின்ற ஆம்பிளைகளில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அவ்வளவாக அழவில்லை. அவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மாயியிடம், “நல்லா அழுவுறாரா அம்மாயி?” என்று கேட்டேன். “தொண்டைல அழுவுறான். வகுத்துல இருந்து வரல. இன்னும் ரெண்டு மாசி ஆடட்டும்” என்றார்.

அந்தத் தோட்டத்தில் ஒப்பாரிக்குப் பேர் போனவர் அம்மாயி. அவர் சொன்னது ஒரு கவிஞர் இன்னொருவரின் கவிதைக்குச் சொன்ன விமர்சனம் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பொட்டலில் ஆண்கள் பாடுவதும் அழுவதும் பெண்களிடமிருந்து இரவல் வாங்கிய ராகத்தில். சொந்தக்காரர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து, திருப்பித் தரும்போது பழுதில்லாமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

இனி, அந்த ராகம் பிறந்த இடம்.

லயத்துக் காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்குச் சொல்வார்கள். சாவு விழுந்தால் அதற்குள் பிணம் வரும், குத்துவிளக்கு வரும், சுற்றிலும் பெண்கள் வருவார்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்கும். புதிதாக வருகிறவள் வாசற்படியிலேயே குரல் எடுத்து, உள்ளே இருக்கிறவளின் தோளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டிப் பாடத் தொடங்குவாள். இறந்தவரை முறை சொல்லி விளிப்பது முதல் வேலை. மகளுக்கு ஒரு விளி, மருமகளுக்கு ஒரு விளி, கூடக் கொழுந்து பறித்தவளுக்கு இன்னொன்று. அந்த விளியிலேயே அழுகிறவளுக்கும் கிடப்பவருக்கும் என்ன முறை என்பது தெரிந்துவிடும். பிறகு பொன்னும் முத்தும் பவளமும் வரும். தங்கத்தில் தூண் நிறுத்துவாள், முத்தில் பந்தல் போடுவாள், செத்துப்போனவரைப் பல்லக்கில் ஏற்றுவாள். வாழ்நாள் முழுக்க ஒரு சொந்த முற்றம்கூட இல்லாத மனுஷி கிடக்கும் அந்தக் காம்பராவில், கால் நீட்ட இடமில்லாத நெரிசலில், ஒரு அரண்மனை எழும்பும். மேலேயிருந்து தகரம் ஒழுகிக்கொண்டிருக்கும். இந்த ஒரு காரியத்துக்காகவே ஒப்பாரியை நான் கவிதை என்பேன். இது மிகை, சம்பிரதாயம், எல்லா ஒப்பாரியிலும் வருவதுதானே என்று சில நண்பர்கள் சொல்வார்கள். வரட்டுமே. எல்லா ஒப்பாரியிலும் வருகிறது என்றால் எல்லாக் காம்பராவும் அத்தனை சின்னது என்று அர்த்தம்.

அரண்மனை கட்டி முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். நெருங்கிய உறவில் ஒரு சாவு. ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். தாயைப் பறிகொடுத்த மகள் பாடிக்கொண்டிருக்கிறாள். தம்பி பெஞ்சாதி உள்ளே நுழைகிறாள். அவள் தலையைக் கண்டதுமே மகளின் பாட்டு திசை மாறியது. கடைசி நாட்களில் அம்மா பால் தேத்தண்ணி கேட்டது, கேட்டது காதில் விழாதது, அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக, ராகம் பிசகாமல் வந்தன. யார் பெயரும் சொல்லப்படவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. தம்பி பெஞ்சாதி அசரவில்லை. வந்து உட்கார்ந்து, மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் விளியைத் தொடங்கினாள். மாமியாரைக் குளிப்பாட்டியது யார், ராத்திரியில் லொறி பிடிக்க ஓடியது யார், சம்பளம் பிடித்தம் போக வீட்டுக்கு வந்தது எவ்வளவு, மக்கமார் எத்தனை மாதத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தார்கள் என்பது அவள் பக்கத்துப் பாட்டு. ஒரே அணைப்பில் இருந்துகொண்டு இரண்டு பேரும் வழக்காடினார்கள். சாதாரண நாளில் அந்தப் பேச்சில் நாலில் ஒரு பங்கு பேசியிருந்தால் பீலிக்கரையில் குடம் பறந்திருக்கும். ஒப்பாரியில் சொன்னதற்கு வெளியே வந்து யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. அது எழுதாத சட்டம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணம் வைக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இதை வைத்து இரண்டு ஒப்பாரியையும் உரசிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ரதிக்கு இருப்பது இழவு ஒன்றுதான். அவள் தேவலோகத்துக்காரி, அவளுக்குச் சம்பளப் பிடித்தம் கிடையாது. கணவன் எரிந்தான், அழுகிறாள். அந்த ஒற்றைக் காரணத்தின் சுத்தம்தான் கேட்கிறவனை உடைக்கிறது. லயத்துப் பெண்ணின் ஒப்பாரியிலோ நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இழவைச் சாக்காக வைத்து இளிவைச் சொல்லுவாள். வறுமையைச் சொல்லத் தொடங்கி அசைவுக்குப் போவாள். கடல் தாண்டி வந்த பாட்டன் ஊரில் வைத்திருந்த நிலம் நடுவில் வந்துவிட்டுப் போகும். பிணம் கிடத்தியிருக்கும் அந்த அரைநாள் மட்டும் அவளுக்கு ஊர் காது கொடுக்கிறது. துரை வாசலில், பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை முன்னால் சொல்ல முடியாததையெல்லாம் அதற்குள் சொல்லியாக வேண்டும். அழுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? நல்ல ஒப்பாரிக்காரி பெரும்பாலும் கண்ணீர் விடுவதில்லை என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அவள் மூளை அடுத்த அடியைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆண்கள் அந்த நேரம் என்ன செய்கிறார்கள்? இஸ்தோப்பிலும் கோடிப்பக்கத்திலும் குந்தியிருப்பார்கள். பாடை கட்டுவார்கள், குழி வெட்டப் போவார்கள், மரணாதார சங்கத்துக் காசை எண்ணுவார்கள், சீட்டு விளையாடுவார்கள். அவர்களுக்குப் பாட்டு கிடையாது. தாய் செத்தாலும் மகன் பாட முடியாது. வாய்விட்டு இரண்டு நிமிடம் அழலாம், பிறகு நாலு பேர் தோளில் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வருடம் முழுக்க இப்படித் தட்டி வெளியே அனுப்பப்பட்ட அழுகைதான் மாசியில் காமன் பொட்டலில் வந்து நிற்கிறது என்பது என் கணிப்பு. யாரோ ஒரு தேவலோகத்துப் பெண்ணின் துக்கம், யாரோ எழுதிய சொல், யாரோ ஒருத்தியின் சேலை. அத்தனையும் அந்நியமாக இருப்பதால்தான் கங்காணியால் தலைப்பாகைக்குள் அழ முடிகிறது. ‘எதற்கு அழுகிறாய்?’ என்று கேட்டால், ரதிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம்.

புத்தகக் கவிதை வாசிக்கிற நாமும் அந்தக் கங்காணியின் சாதிதான். நமக்குச் சம்பந்தமில்லாத எவரோ எங்கேயோ எழுதியதை நள்ளிரவில் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். கவிதை மனசைத் தேற்றுகிறது என்று பொதுவாகச் சொல்வதில் பாதி இந்த வகைத் தேற்றல். மற்றப் பாதி, தம்பி பெஞ்சாதி எதிரே உட்கார்ந்திருக்கும்போது சரியான சொல் வந்து வாயில் விழுகிற தேற்றல். முதலாவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது அவ்வளவு நாகரிகமானதல்ல என்பதாலோ என்னவோ, கவிதையின் பெருமைகளில் அது சேர்வதில்லை. என்னைக் கேட்டால், கவிதையின் திறமைக்கு உரைகல் இரண்டாவதுதான். கொப்பி இல்லாமல், முன்தயாரிப்பு இல்லாமல், எதிராளி வாசலில் நுழைந்த மறுகணம் ஓசையும் முறையும் கெடாமல் அடி கட்டுவதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்பது சாவு வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த இரண்டு ஒப்பாரியும் ஒன்றின் இடத்துக்கு மற்றது வந்துவிட்ட காலமும் உண்டு. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரைப் பங்கு போட்டது. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவாயிற்று. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதை அதன் பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பாதையாக மாறியது. பதுளை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஒவ்வொரு ஸ்டேசனிலும் ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர் வைத்திருக்கிறார். கோச்சி என்றால் எங்களுக்கு ரயில். கதைக்காக ஜோடித்த பேர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அந்த வண்டிகளை வழியனுப்பிய குடும்பங்களுக்கு அது வெறும் வர்ணனை.

மேடையில் நின்றவர்கள் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி வைத்தார்கள். சாவு வீட்டில் விளிக்கப்பட்டவர் பதில் சொல்லமாட்டார். இங்கே ஜன்னலுக்குள்ளிருந்து பதில் ஒப்பாரி வந்தது. போகாதே என்று ரதி மறிப்பதும் மன்மதன் போகத்தான் வேண்டும் என்பதும் காமன் கூத்தில் எரிவதற்கு முந்திய கட்டம். ஸ்டேசனில் அந்தத் தர்க்கமும் எரிந்த பிறகு வரும் புலம்பலும் ஒரே பத்து நிமிடத்தில் நடந்து முடிந்தன. மூன்றாம் நாள் சிவன் மனமிரங்கி மன்மதனை எழுப்பும்போது, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்றுதான் வரம் தருகிறார். மண்டபத்திலிருந்தும் நீலகிரியிலிருந்தும் கடிதமாக மட்டும் வந்துகொண்டிருந்த அண்ணன் தம்பிமாரைப் பற்றி எங்கள் லயத்தில் பேச்சு வந்தால், இந்த வரத்தை எடுத்துச் சொல்லி முடிக்கிற பழக்கம் ஒரு கிழவிக்கு இருந்தது.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. சாவு வீட்டு ஒப்பாரிக்குப் பிணம் வேண்டும். சுற்றி உட்கார ஒரு நடு வேண்டும், நுழைவதற்கு ஒரு வாசற்படி வேண்டும், வழக்காட எதிர்த்தரப்பும் உயிரோடு இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாங்குகளில் தங்கவைக்கப்பட்ட பெண்களுக்கு இவற்றில் எதுவும் மிச்சமில்லை. உடலில்லாதவனுக்காக அழுவது ரதியின் கதி. கொப்பியில் எழுதி வைத்து ஆண்கள் பாடிவந்த அந்தக் கதி, அன்று கதையாக இல்லாமல் வந்து சேர்ந்தது.

மூன்றாவதாக ஒன்றையும் இங்கே நிறுத்த ஆசை வருகிறது. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை, ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று சக்தீ பால ஐயா தமிழில் தந்தார். தேயிலைக்கு அடியில் பேரில்லாமல் மண்ணாகிக் கிடக்கும் முன்னோருக்கான துக்கம் அதில் உண்டு. படித்த மனிதர் ஒருவர் வைத்த ஒப்பாரி என்றே அதை நான் வாசிக்கிறேன். ரதியைப் போல் அது எழுத்தில் நிலைத்தது. லயத்துப் பெண்ணைப் போல் யார் மீதோ வழக்குத் தொடுத்தது. ஆனால் சாவு வீட்டில் எதிராளி கழுத்தைக் கட்டிக்கொண்டு இருப்பாள். ஆங்கிலத்தில் எழுதிய சி.வி.க்கு எதிராளி தூரத்தில் இருந்தான். அதே மனிதர்தான் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று வாய்மொழிப் பாட்டுகளைத் தொகுத்தும் தந்தார் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

இன்றைய நிலைமை இரண்டுக்கும் ஒன்றல்ல. காமன் கூத்து பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்கள் மாசிக்கு லீவு கேட்டு வந்துவிடுகிறார்கள். கோயில் கமிட்டி இருக்கிறது, காசு சேர்கிறது, போனில் படம் பிடிக்கிறார்கள், கொப்பியையும் படம் பிடித்து அனுப்பிக்கொள்கிறார்கள். சாவு வீட்டுக்கு இப்போது டவுன் மலர்ச்சாலைப் பெட்டி வருகிறது, ஒலிபெருக்கியில் தமிழ்நாட்டுப் பாட்டு வருகிறது. மகள்மார் கார்மெண்டில் இருக்கிறார்கள், அல்லது குவைத்தில். வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வந்தாலும் அடி கட்டத் தெரியாது. வெட்கமும் உண்டு; ஒப்பாரி வைத்தால் தோட்டத்துக்காரி என்று தெரிந்துவிடும் என்று நகரத்துக்குப் போனவர்கள் நினைக்கிறார்கள். மருமகளுக்கும் மாமிக்கும் உள்ள வழக்கு மட்டும் குறைந்தபாடில்லை. அது இப்போது வட்ஸ்அப்பில் ராகமில்லாமல் நடக்கிறது.

சேகரிக்கிறவர்களுக்கும் இந்த இரண்டும் ஒரே மாதிரி வளைந்து கொடுப்பதில்லை. ரதியின் பாட்டை எப்போது கேட்டாலும் பாடிக் காட்டுவார்கள். ஒப்பாரியைச் சும்மா இருக்கும் வீட்டில் பாடச் சொன்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். வீட்டுக்கு ஆகாது. ஆற்றோரத்துக்கோ தேயிலை மலைக்கோ கூட்டிக்கொண்டு போய்ப் பாடவைத்து எழுத வேண்டியிருக்கிறது. அப்படி எழுதியது அச்சில் வரும்போது தாய்க்கு, கணவனுக்கு, பிள்ளைக்கு என்று முறை பிரித்து அடுக்கப்படுகிறது. அரண்மனை மட்டும் மிஞ்சுகிறது, வழக்கு விழுந்துவிடுகிறது. கூத்துக் கொப்பிக்காரர் தப்பு நிற்கும் இடத்தைக்கூட ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஒப்பாரியை எழுதுகிறவரும் அதே போல் ஒவ்வொரு அடிக்கும் எதிரே குறித்துக்கொள்ளலாம்: இந்த அடி எழும்பியபோது வாசலில் நுழைந்தது யார், அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தது யார், அவர்களுக்குள் அதற்கு முந்திய பத்து வருடத்தில் நடந்தது என்ன.